தாமதத்துக்குக் காரணம்

எரிந்துபோன மீட்டர் பெட்டி ஒன்றை
வீட்டுக்குக் கொண்டுவந்தது என் தப்பு.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
குறுக்கே ஐந்து ரப்பர் பேண்டு இழுத்து மாட்டி
ஜெசிந்தா அதைச் சுண்டிக்கொண்டே இருந்தாள்,
தவசுக்காலம் முழுக்க.
கணக்கு நோட்டு பக்கத்தில் திறந்தபடி கிடந்தது.

ரீத்தாள்தான் சொன்னாள்:
"நாலாவது ரப்பரை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கா, பாத்தீரா?
அவளுக்கு என்னமோ சரியா வரலை.
நமக்குத்தான் அது கேக்கலை."

ஈஸ்டர் முன்பணத்தில் புது அடுப்பு என்று பேச்சு.
பாளையங்கோட்டையில்
படிப்பு முடித்து ஊருக்குப் போகிற பையன் ஒருவன்
கட்டிலுக்கு அடியிலிருந்து கிதாரை இழுத்தான்.
மூவாயிரத்து எண்ணூறு.
உறை இல்லை. என் சாரத்தில் சுற்றினேன்.
புதிய பஸ் நிலையத்தில் ஏறி
மடியில் வைத்துக்கொண்டேன்.
"பிள்ளை மாதிரில்லா வச்சிருக்கீரு,
அரை டிக்கெட்டு எடும்" என்றார் கண்டக்டர்.
நாங்குநேரி வரைக்கும் சிரித்தார்கள்.
வள்ளியூரில் பஸ் மாறி
வடக்கன்குளம் வரை நின்றுகொண்டே வந்தேன்,
அதற்கு மட்டும் சீட்டுக் கிடைத்தது.

கம்பி எனக்குத் தெரியும்.
சித்திரையில் தொய்யும், மார்கழியில் இறுகும்.
இரண்டு கம்பத்துக்கு நடுவே எவ்வளவு விடணும் என்பது
இருபத்திரண்டு வருஷமாய் என் தோளில் இருக்கிறது.
இந்த ஆறு கம்பிக்கு முன்னால்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.
அவளே போனைப் பார்த்துத் திருகினாள்.
விரல் நுனியெல்லாம் கொப்புளம்.
"போதும், விட்டுரு மக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன்.
ரீத்தாள் என் காலை மிதித்தாள்.

அப்புறம் ஆடி.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வாய் திறந்தால்
காற்றாடிகளுக்குக் கொண்டாட்டம்,
எனக்கு உறக்கம் போச்சு.
ஊரைச் சுற்றி அத்தனை காற்றாடி சுற்றும்.
ஒரு பனைமட்டை பறந்து வந்து விழுந்தால்
ஊரே இருட்டு.

அன்றைக்கு எங்கள் தெருவில் ஜம்பர் அறுந்திருந்தது.
கட்டி முடித்து இறங்கி
சுவிட்சுக் கைப்பிடியில் கை வைத்தேன்.
காற்று ஒரு நொடி மூச்சு வாங்கியது.
விசிறி இல்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை.
மூன்றாவது வீட்டிலிருந்து
அவள்.

ஒரே இடத்தில் தப்பினாள்.
திரும்ப முதலிலிருந்து.
அதே இடம்.
திரும்ப.
என்ன பாட்டோ, எனக்குத் தெரியாது.
கோளாறு எங்கே என்று
கம்பம் கம்பமாய் டார்ச் அடித்துப் போகிறவன்போல
அவள் பின்னாலேயே போனேன்.

"என்னவே செய்யுதீரு? உறங்கிட்டீரா?"
மாடியிலிருந்து தொபியாஸ் சார்.
"இன்னா போடுதேன்" என்றேன்.
போடவில்லை.
கூட வந்த செல்லையா என்னைப் பார்த்தான்,
கையுறையைக் கழற்றினான்,
மறுபடி மாட்டிக்கொண்டான்.
ஒன்றும் கேட்கவில்லை.

ஆறாவது தடவையா, ஏழாவதா,
தாண்டிவிட்டாள்.
தாண்டினது தெரியாமலே கொஞ்ச தூரம் போய்
சட்டென்று நிறுத்தி
இருட்டுக்குள் தனியாகச் சிரித்தாள்.

கைப்பிடியைத் தூக்கினேன்.
தெருவிளக்கு, விசிறி, சீரியல் அழுகை,
யார் வீட்டிலோ பாதியில் நின்ற கிரைண்டர்,
எல்லாம் ஒன்றாய் வந்து அவள்மேல் விழுந்தன.

காலையில் பதிவேட்டில்
'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம்.
காற்று என்று எழுதினேன்.
பொறியாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
நல்லவேளை,
வேப்பமரம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.