எடைப்பாலம்

ஒன்பது நாளுக்கு வந்தார்கள்.
அதில் என் விடுமுறை ஒன்றரை நாள்.

லாபிஸில் காட்ட என்ன இருக்கிறது?
ரயில் நிலையம் இருக்கிறது.
சீனர் சவப்பெட்டிக் கடைக்கு அடுத்து
டயர் கடை இருக்கிறது.
பிறகு செம்பனை.
அதற்குப் பிறகும் செம்பனை.
இரட்டைக் கோபுரம் எங்கடா என்றார் அப்பா
கார்க் கண்ணாடியை இறக்கி,
அடுத்த வளைவில் நிற்பதுபோல.
அது கோலாலம்பூர்ப்பா, மூணு மணி நேரம்.
அப்போ இது மலேசியா இல்லையா?

அம்மாவின் குழப்பம் வேறு.
"பசியாறிட்டீங்களா?" என்று பவளராணி அக்கா கேட்டதும்
"பசியே இல்லம்மா" என்று பதறிவிட்டாள்.
காலைச் சாப்பாட்டைக் கேட்கிறார்கள் என்றேன்.
சடக்கு என்றால் ரோடு,
காடி என்றால் கார்,
கித்தா என்றால் ரப்பர்...
"தமிழுக்குமா துணைக்கு ஆள் வேணும்?" என்றாள்,
குழம்பில் தொடாமல் ரொட்டியைப் பிய்த்தபடி.
எந்த விலையையும் இருபதால் பெருக்கினாள்.
பெருக்கிய கையோடு திருப்பி வைத்தாள்,
தண்ணீர் பாட்டிலைக்கூட.

ஆலைப் பக்கம் மட்டும் போகாமல்
சுற்றிச் சுற்றி ஓட்டினேன்.
ஆறு வருஷத்துக்கு முன்னால் போனில்
ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தேன்.
பொய்யில்லை.
எட்டுக்கு எட்டு தகர அறை, ஏசி உண்டு,
ஜன்னலில் லாரி டிரைவரின் கை மட்டும் வரும்,
சீட்டை வாங்கிக்கொண்டு போகும்.
அதைத்தான் அப்பா தரகரிடம்
"அதிகாரி" என்று சொல்லி வைத்திருந்தார்.

அம்மாதான் மூக்கைச் சுருக்கினாள்.
"உன் சட்டையில வர்ற வாடை
இந்தப் பக்கத்துல இருந்துல்ல வருது.
திருப்பு."

ஞாயிறு மதியம், ஆலை நின்றிருந்தது.
நேபாளிக் காவலர் தில் பகதூர்
தொப்பியைச் சரிசெய்து கதவைத் திறந்தார்.
இதுதான் என்றேன். பாலம்.
லாரி ஏறும், எடை வரும்.
நான் எழுதுவேன்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.
சங்கரன்கோவில் ரேஷன் கடையில்
முப்பத்தோரு வருஷம் எடை போட்டவர்
குத்தவைத்து, தகட்டின் அடியில் எட்டிப் பார்த்தார்.
விரலால் தட்டினார்.
முத்திரை எப்ப போட்டது?
பிப்ரவரிலப்பா.
கல்லு வச்சுப் பாத்தாங்களா?
வச்சாங்க.
எத்தனை?
இருபது டன்.

அவர் கையாண்ட பெரிய கல் ஐம்பது கிலோ.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இருபது டன் கல்லு" என்று
பிறகு அம்மாவிடம் சொன்னார்,
அவளும் அங்கேயேதான் நின்றாள் என்றாலும்.

மூவரும் ஏறி நின்றோம்.
180.
நான் அறுபத்திரெண்டு, அவ அம்பத்தொண்ணு,
நீ எழுபதுங்கறே.
மூணு கிலோ எங்கடா?
பத்துப் பத்தாத்தான் காட்டும்ப்பா, லாரிக்கு உள்ளது.
"எங்க கடையா இருந்தா
சட்டையைப் பிடிச்சிருப்பாங்க."
அம்மா இறங்கினாள். 130.
ஏறினாள். 180.
இறங்கினாள்.
அவள் இப்படி விளையாடி நான் பார்த்ததில்லை.

சீட்டு வேண்டுமாம் அப்பாவுக்கு.
வண்டி எண் போடாமல் இயந்திரம் அச்சடிக்காது.
அவர் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டேன்.
தோட்டம்: சங்கரன்கோவில்.
சரக்கு: பட்டியலில் இருந்தது ஒன்றுதான்,
பழக்குலை.
மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
திரும்பும்போது ஒரே வார்த்தைதான்:
"எடையில கை மட்டும் வைக்காதே."

விமான நிலையத்தில்
மைலோ டின், கோடாலித் தைலம்,
கடைசி நாளில் பெருக்க மறந்து அம்மா வாங்கிய பிஸ்கட் எல்லாம் சேர்ந்து
வீட்டுத் தராசில் முப்பத்தொன்றரை.
அனுமதி முப்பது.
அபராதத்துக்கு நான் பர்ஸைத் திறந்து நிற்க,
கவுன்டர் பெண் சிரித்தபடி வில்லை ஒட்டினாள்.
திரையில் சரியாக முப்பது.

கீழே பார்த்தேன்.
பெட்டியின் ஓரத்தைத் தாங்கி நின்றது
அப்பாவின் முழங்கால்.

என் முகத்தைப் பார்த்தார்.
"கை வைக்கலையே" என்றார்.