பச்சை வலை

கேட்டில் ஒட்டிய தாள் முழுக்க மராத்தி.
எதிர்க்கடை வடாபாவ்காரர் படித்துச் சொன்னார்:
ரிப்பேர். ச்சே மஹீனா.
எனக்குப் புரியட்டும் என்று விரல்களையும் காட்டினார்.
ஆறாவது விரலுக்கு
எண்ணெய்க் கரண்டியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

போன மழையில்
கூரையிலிருந்து ஒரு பாளம்
மூன்றாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் விழுந்தது.
ஞாயிற்றுக்கிழமை. யாரும் இல்லை.
சர்ச்சில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.
ஆகவே நான் ரிப்பேருக்கு எதிரி இல்லை,
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
ஓர் இந்திப் பள்ளியில் கொண்டுபோய் வைத்தார்கள்.
காலை அவர்களுக்கு,
பன்னிரண்டரைக்கு மேல் நமக்கு.

காலை ஏழு மணிப் பள்ளியை நம்பி
மாட்டுங்காவில் ஐந்து வீடு பிடித்திருந்தேன்.
பன்னிரண்டரை வந்து
அதில் இரண்டைத் தின்றது.
சாயங்காலம் வந்து கழுவட்டுமா என்று கேட்டேன்.
ஷா வீட்டம்மாவும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை,
அதுவரைக்கும் பாத்திரம் காத்திருக்குமா என்றாள்.

தங்கதுரைக்கு வடாலா குடோனில் இரவு டியூட்டி.
பத்து மணிக்குத் தூங்குவான்,
பதினொன்றரைக்கு எழுப்புவாள் எப்சிபா.
பாதித் தூக்கத்தில் பின்னிய ஜடை
ஒன்று காதுக்கு மேல், ஒன்று தோளில்.
ரயில் பாலத்துக்கு எழுபத்திரண்டு படி.
எண்ணியது அவள்தான்.
மழை நாளில் நடுப்படியில் நின்று சொன்னாளாம்:
"அப்பா, கண்ண மூடாத. இன்னும் படி இருக்கு."

அங்கே ஒரே ஹாலில் இரண்டு வகுப்பு.
நடுவில் ஓர் இரும்பு பீரோ.
இந்தப் பக்கம் ரெஜினா டீச்சர்,
அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு சார்,
அவருக்குத்தான் குரல் பெரிது.
பெருக்கல் வருமுன்பே என் மகளுக்கு
பீரோ வழியாக வகுத்தல் வந்துவிட்டது.
வீட்டில் பதிமூன்று பிஸ்கட்டை
நாலு பேருக்கு வகுத்தாள்.
மீதி ஒன்று.
மீதி யாருக்கு என்று நாங்கள் கேட்பதற்குள்
மென்றுகொண்டிருந்தாள்.

ஆறு மாசம் பதினாலு மாசமானது.
காண்டிராக்டர் மாறிவிட்டார் என்றார்கள்.
பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.
மூங்கில் சாரம் வெளுத்தது.
பச்சை வலைக்குள் புறாக்கள் குடித்தனம் வைத்தன.

இசக்கிமுத்து மகனை மாற்றிவிட்டார்,
அதே பள்ளி, காலை ஷிப்ட், இந்தி மீடியம்.
"அதே பெஞ்சுதானக்கா, நேரம்தான் வேற."
மறுவாரம் சலூன்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருவர்.
முப்பத்தொன்றாக இருந்த வகுப்பு பத்தொன்பதானது.
நானும் ஒரு நாள் ஆபீஸ் வாசல் வரை போனேன்.
ஆதார் நகல் கையில் இருந்தது.
ஏன் திரும்பினேன் என்று கேட்காதீர்கள்,
வரிசை நீளமாக இருந்தது.

மூன்றாம் வருஷம் ஜோயல் ஒன்றாவது சேர்ந்தான்.
என் பள்ளிக்கூடம், படம் வரை என்றார் டீச்சர்.
தாள் முழுக்கப் பச்சைக் கட்டம் போட்டான்.
குறுக்கே மூங்கில். ஒரு புறா.
கதவு எங்கேடா?
"உள்ள இருக்கு டீச்சர். வலைய எடுத்தாத்தான் தெரியும்."

இந்த ஜூனில் எடுத்தார்கள்.
ரோஜா நிறச் சுவர். டைல்ஸ் தரை.
குழாயைத் திறந்தால் தண்ணீர்.
மறுபடி ஏழு மணி,
ஆனால் ஷா வீட்டில் இப்போது வேறொருத்தி.

எப்சிபா ஐந்தாவது.
இங்கே நாலாவது வரைதான்.
தம்பியை விட வந்தவள்
யாரையும் கேட்காமல் நேரே உள்ளே போனாள்.
ஜோயல் கேட்டைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தான்:
"இது நம்ம ஸ்கூல் இல்ல."
வாட்ச்மேன் சிரித்தார். எனக்குக் கை வலித்தது.

பெண்கள் கழிப்பறைப் பக்கமிருந்து
டக், டக் என்று ஒரு சத்தம்.
போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து
பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அம்மா, தாழ்ப்பா இருக்கு" என்றாள்,
யாருக்கோ சொல்வதுபோல.