விரல்

புத்தூர் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில்
பதினேழு வருஷம்
வக்கீல் பத்மநாபத்தின் குமாஸ்தா நான்.

கெங்கம்மா வந்தபோது
தறிப் பஞ்சு தலைமுடியில் ஒட்டியிருந்தது.
புருஷன் தணிகாசலம்
நகரி ரோட்டில் லாரியடியில் போனவன்.
காலோடு போயிருந்தால் புத்தூர்க் கட்டுப் போட்டிருக்கலாம்.
கட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

வக்காலத்து தெலுங்கில்.
அவளுக்குத் தமிழ் எழுத்துத்தான் தெரியும்.
"இங்க" என்றேன். "இங்க. அப்புறம் இங்க."
விரல் போன இடமெல்லாம்
கொம்பு போட்டு, புள்ளி வைத்து,
கடைசி மாவுக்குக் கால் இழுத்து
எழுதிக்கொண்டே வந்தாள்.
நடுவில் வெற்றுக் காசோலை இரண்டு.
அங்கேயும் என் விரல் நின்றது.
எதுக்கு என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்.

தீர்ப்பாயம் கொடுத்தது ஒன்பது லட்சம்.
அவள் கைக்குப் போனது நாலரை.
பாங்க் புத்தகத்தை
புதிதாய் வந்த பையன் ஒருவன்
தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

புகார், பிரமாணப் பத்திரம், நகல்கள், ரசீது.
அமராவதியில் பார் கவுன்சில்.
ஏழு வாய்தா, ஏழு ராத்திரி ரயில்.
ரேணிகுண்டா, கூடூர், ஓங்கோல்
ஒவ்வொரு பலகையாய்ப் பார்த்துக்கொண்டே போவாள்,
தூக்கமில்லை போலும் என்று நினைத்தேன்.

ஏழாவதற்கு முந்தின வாரம்
மீதிப் பணத்தை வட்டியோடு
வக்கீல் அவள் வாசலில் எண்ணி வைத்தார்.
வாபஸ் மனுவை டைப் அடித்தது நான்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று கறுப்பு அங்கி.
நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்:
"பணம் உன்னுடையது, வாங்கிக்கொள் அம்மா.
அங்கி உன்னுடையதில்லை,
அதை மன்னிக்க உன்னால் ஆகாது."
தெலுங்கில் சொன்னார்.
சாட்சிக்குப் போன நானே
அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

மூன்று வருஷம் தடை.
பெயர்ப்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம்.
என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை.
நீக்குவதற்குப் பதிவு எண் இல்லை எனக்கு,
கழற்ற அங்கியில்லை.
பக்கத்து மாடியில் வேறு வக்கீல்,
அதே ஸ்டாம்ப் பேட், அதே நாற்காலி.

நேற்று கெங்கம்மா வந்தாள்,
தங்கையின் ஜீவனாம்ச வழக்கு.
கையெழுத்துப் போட வேண்டியவள் ஓரமாய் நின்றாள்.
வக்காலத்தை விரித்தேன்.
பழக்கம்,
"இங்க" என்று வைத்துவிட்டேன்.

"விரல எடுங்க" என்றாள்.
"அடியில எழுத்து மறையுது."