ஒன்பது நாள் பாக்கி

மால்டாவிலிருந்து வந்தவர், பதினாலாம் நம்பர் ரூம்.
மனைவியை வார்டில் சேர்த்ததும் ரூமைக் காலி செய்தார்.
ஒன்பது நாள் வாடகைக்குப் பதிலாக
ஒரு கேமராவை மேஜைமேல் வைத்து
"தஸ் தின்" என்றார், பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.
பாபுராவ் தெருவில் இது புதிதில்லை.
எங்கள் இரும்பு பீரோவில் ஏற்கெனவே
இரண்டு கைக்கடிகாரம், ஒரு தையல் மெஷினின் தலை,
யாரோ மீட்க மறந்த மவுத்ஆர்கன்.

ரிஜிஸ்டரில் எழுதினேன்:
கேமரா ஒன்று. கறுப்பு. ஓடுமா தெரியவில்லை.

ஓடுமா என்று பார்க்கத்தான்
எதையோ அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை என்று
ரிஜிஸ்டர் மேலேயே வைத்துவிட்டு
மாடித் தொட்டிக்கு மோட்டார் போடப் போனேன்.

ஆகியிருந்தது.
நாற்பத்தேழு நிமிடம்.

அந்த உயரத்திலிருந்து அதற்கு முகங்கள் எட்டவில்லை.
கவுன்டர் விளிம்பு. அதன்மேல் வந்துவந்து போகும் கைகள்.
எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்த கை.
ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்டரோடு சில்லறை எண்ணும் கை.
"உப்பு கம்மி, தமிழ்ல எப்படி?" என்று ஒரு பெண் கேட்க
யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள்,
அவள் விரல் அதைக் கண்ணாடிமேல் எழுதிப் பார்க்கிறது,
எந்த மொழி எழுத்திலோ.
கடைசியில் என் கை.
ரூம் இல்லை என்று இடமும் வலமும் ஆடுகிறது.
இருபது வருஷமாக அதை ஆட்டுகிறேன்,
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மொபைல் கடை முனவ்வர், பேரணாம்பட்டுப் பையன்,
கார்டைச் செருகி, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடி பார்த்தான்.
சோறு ஆறிப்போனது.
"இன்னாண்ணா இது, யார் எடுத்தது?"
"யாரும் எடுக்கலப்பா."
"அப்ப இதான் மொத சீனு."
எதற்கு முதல் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது.
ஆட்டோ மோசஸ் தனக்கு என்ன வசனம் என்றார்.
வசனமே இல்லை என்றதும் இரண்டு நாள் பேசவில்லை,
மூன்றாம் நாள், பெட்ரோலுக்கு மட்டும் கொடு.
ஸ்கேன் சென்டரில் டோக்கன் கிழிக்கும் கலாவல்லி
முகம் வராது என்றால் வருகிறேன் என்றாள்.
முகம் வராது என்பதை
அந்த நிமிஷம்தான் முடிவு செய்தோம்.
மொத்தப் பணம் நாலாயிரத்து இருநூறு,
அதில் பாதி என் தீபாவளி அட்வான்ஸ்.

பதினொன்றாம் நாள் அவர் வந்தார்.
பாக்கியை எண்ணி வைத்தார், ஒரு நாள் தாமதத்துக்குக் கை கூப்பினார்.
அந்த அம்மா வெளியே நின்றது,
கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு, காட்பாடி பஸ்களைப் பார்த்தபடி.
எனக்குத் தெரிந்த இந்தியில் நடந்ததைச் சொன்னேன்.
குனிந்து பார்த்தார். என் கை ஆடும் இடம் வந்ததும்
"இல்லே!" என்று சிரித்தார்.
இந்த ஊரில் அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல்,
என்னிடமிருந்துதான்.
கேமராவை எடுத்துக்கொண்டார். கார்டை
ரிஜிஸ்டர் மேல் வைத்துவிட்டுப் போனார்.

சத்துவாச்சாரியில் கல்யாண வீடியோ எடுக்கும் பரந்தாமன்
முகூர்த்தம் இல்லாத நாளில் பாதி வாடகைக்குத் தருகிறார்.
ஆகவே அஷ்டமி, நவமி, கரிநாள்.
நல்ல நாளெல்லாம் எங்களுக்கு லீவு.
நாளைக்கு ஆடி ஒன்று.
மாதம் முழுக்க அவர் கேமரா சும்மாதான் கிடக்கும்.
பூசணிக்காய் சுற்ற வேண்டாமா என்கிறார் மோசஸ்.
முப்பது ரூபாய்ணா, என்கிறான் முனவ்வர்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும்
முதலில் கையைத்தான் பார்க்கிறேன்.
அப்படிப் பார்த்துக்கொண்டே நேற்று ராத்திரி
ஆறாம் நம்பர் சாவியைக் கொடுத்துவிட்டேன்,
அட்வான்ஸ் வாங்க மறந்துபோனேன்.
காலையில் முதலாளி கேட்டார்.
படச் செலவில் எழுதிக்கொண்டேன்.