ஐந்தடி பத்து இஞ்ச்

எங்கள் சந்து ரொம்பவும் குறுகுகிற இடம்
கரண்டு கம்பத்துக்கும் சௌந்தரம்மா வீட்டுப் படிக்கும் நடுவே.
டேப்பின் ஒரு முனையைக் குபேந்திரன் பிடிக்க
மறுமுனையில் நான் படித்தேன்:
ஐந்தடி பத்து இஞ்ச்.
அதற்குள் அடங்குகிற வண்டி போதும் என்று
நடுச்சந்தில் நின்றே முடிவு செய்தோம்.

நோட்டில் கட்டம் போட்டேன்.
மைலேஜ். இன்சூரன்ஸ்.
திருப்பி விற்றால் என்ன தேறும்.
நிறம் வெள்ளை; மதுரை வெயிலுக்கு அதுதான் தோது.
அவர் தலையாட்டினார்.
பெயிண்டுக் கடைக் கணக்கும் நான்தான் பார்க்கிறேன்,
தலையாட்டிப் பழகிவிட்டது.

காளவாசல் ஷோரூமில்
சின்ன வெள்ளை வண்டிக்குள் உட்கார்ந்தோம்.
பின்சீட்டில் தர்ஷினியின் முட்டி
என் முதுகில் இடித்தது.
"வளர்ற பிள்ளைல்ல" என்றான் விற்கிற பையன்,
அது ஏதோ வண்டியின் சிறப்பு மாதிரி.

பக்கத்தில் பெரியது ஒன்று நின்றது,
நாவல்பழ நிறத்தில்.
குபேந்திரன் அதைப் பார்க்கவில்லை.
இவ்வளவு கவனமாக ஒருத்தர்
ஒன்றைப் பார்க்காமல் இருந்து நான் கண்டதில்லை.

நான் போய்க் கதவைத் திறந்து சாத்தினேன்.
அரிசி மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தாற்போல
தொப்பென்று ஒரு சத்தம்.
உள்ளே மழை வராது என்று சொல்கிற சத்தம்.
பழங்காநத்தத்தில் ஒரு ராத்திரி
காய்ச்சல்காரப் பிள்ளையைச் சேலையால் மூடிக்கொண்டு
எந்த ஆட்டோவும் நிற்காமல் நின்றோமே,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"அகலம் எவ்வளவு தம்பி?"
"கண்ணாடிய மடக்கினா அஞ்சடி பதினொண்ணுக்கா."

ஒரே ஒரு இஞ்ச்.
குபேந்திரன் தரையைப் பார்த்தார்.
நான் சொன்னேன்:
"முக்குல கல்யாண மண்டபம் இருக்குல்ல,
காம்பவுண்டுக்குள்ள நிறுத்திக்கலாமாம்,
மாசம் ஆயிரத்தைந்நூறு."
"யாரு சொன்னா?"
"யாரோ."

போன வாரமே மேனேஜரிடம் விசாரித்து
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்.
இன்றுவரை அவருக்குத் தெரியாது.

முகூர்த்த நாளில் மட்டும்
விடிகாலை நாலு மணிக்கு வண்டியை எடுத்துவிட வேண்டும்.
ஆவணியில் அப்படி ஏழு நாள்.
தூங்கி வழிகிற தர்ஷினியைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு
தெப்பக்குளத்தைச் சுற்றுகிறோம்,
போக ஓரிடமும் இல்லாமல்,
டீக்கடை திறக்கும்வரை.

அந்தப் பெட்ரோலை மட்டும்
நான் கணக்கில் எழுதுவதில்லை.