போலி வெளியீடு

நேற்றிரவு 'புதுப்பிக்கவா?' என்று கேட்டது.
தூக்கக் கலக்கத்தில் ஆமென்று அழுத்தியவள் நான்தான்.
ருஃபினோவிடம் இன்னும் சொல்லவில்லை.

காலை ஐந்தரை. உப்புச் சமவெளியில் மைனஸ் பதினொன்று.
கையுறையோடு ஒலிவாங்கியைத் திருகி
கினுவா விலை சொன்னேன், ஊயுனி லாரியின் நேரம் சொன்னேன்,
கோல்கே வீட்டு லாமா இரண்டு, காதில் சிவப்பு நூல்,
கண்டவர்கள் தகவல் தரவும் என்றேன்.
திரையில் பச்சைக்கோடு துள்ளித் துள்ளி எழுந்தது.
எல்லாம் சரி என்றுதானே அதற்கு அர்த்தம்?

ஆறு மணிக்கு ரொட்டிக்காரர் கதவை இடித்தார்:
"எவுசேபியா, செத்தா போனாய்?
பெட்டியில் வெறும் காற்றுதான் வருகிறது."

அமைப்புகளைத் திறந்தால் ஒலி அட்டையைக் காணோம்.
அது இருந்த இடத்தில் ஒரு பெயர்:
போலி வெளியீடு.
அரை மணி நேரம் அதனிடம்தான் விலை சொல்லியிருக்கிறேன்.
அதுவும் பொறுமையாகக் கேட்டிருக்கிறது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ஊதினேன்.
பதிவேட்டை உருட்டிப் பார்த்தேன்.
ஃபர்ம்வேர் ஏறவில்லை, ஃபர்ம்வேர் ஏறவில்லை,
நானூறு வரி,
ஒன்றில்கூட மன்னிப்பு இல்லை.

பிறகு அணைத்துவிட்டு
ஷிஃப்டை அழுத்திக்கொண்டே எழுப்பினேன்.
கறுப்புத் திரையின் இரண்டாம் வரியில்
போன மாதத்துக் கெர்னல்,
யாரும் துரத்தாததால் அங்கேயே உட்கார்ந்திருந்தது.
அதைத் தட்டினேன்.

ஒரு கரகரப்பு. அப்புறம் என் இருமல்,
ஊர் முழுக்க.

ஒலி வந்துவிட்டது. வைஃபை போய்விட்டது.
லாபாஸ் விலையை இனி
ருஃபினோவுக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.
ஏன் என்று கேட்பானே.