அறுபது மைல்

ஆட்டம் முடிந்து குளித்துக்கொண்டிருந்தேன்.
மேனேஜர் பிரென் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.
ஆகஸ்ட் முப்பத்தொன்று, இரவு பதினொன்றே கால்.
இந்த நாளில் அந்தக் கதவுக்குப் பின்னால்
இரண்டே சேதிதான் உண்டு:
மேலே போ. வீட்டுக்குப் போ.
தலையில் நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.

பிரென் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"உனக்குத்தான் ஸ்பானிஷ் வருமே,
பையனிடம் நீயே சொல்லிவிடு.
காரும் உன்னிடம் இருக்கிறது."

பையன் என்றால் யோர்பிஸ் உர்தனேத்தா.
காபிமாஸ்காரன், இருபத்திரண்டு வயது, இடக்கை.
என் அறையில் பாதி வாடகை.
அவன் வீசும் பந்து கடைசி நொடியில்
மனம் மாறியவன்போல் உள்ளே திரும்பும்.
ஏப்ரலிலிருந்து அதைப் பிடித்துப் பிடித்து
என் இடது கட்டைவிரல் மடங்குவதில்லை.

சொன்னேன்.
குதிக்கவில்லை அவன்.
வாயிலிருந்த சூரியகாந்தி விதையைத்
தோலோடு விழுங்கினான்.
பிறகு கேட்டான்:
"யாரை எடுத்துவிட்டார்கள்?"

நாற்பது பேர் பட்டியல் அது.
நெருக்கி நின்றுகொள்ளப் பேருந்தா?
ஒருவன் ஏற ஒருவன் இறங்க வேண்டும்.
மெபேனின் அலமாரி அதற்குள் காலி.
பெயர் எழுதிய வெள்ளை நாடாவை உரித்த இடத்தில்
பசை மட்டும், அதில் ஒட்டிய ஒரு கொசு.
மனைவிக்கு எட்டு மாதம்.
ஷூக்களை லேஸால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு
அவன் பின்வாசல் வழியாகப் போனதைப் பார்த்தேன்.
"தெரியாது" என்றேன்.

என்னை யாரும் இறக்க முடியாது.
ஏறியிருந்தால்தானே.

இல்லை, ஒருமுறை ஏறினேன்.
ஆறு வருடம் முன்பு, மூன்று நாள்.
மூன்று நாளும் முழங்கால் கவசத்தைக் கழற்றாமல்
பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
சட்டையின் முதுகில் வொய்ட்கேவிச் என்று தைத்ததில்
கடைசி இசட் விட்டுப்போயிருந்தது.
நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.
நாலாம் நாள் டொலீடோவில் இருந்தேன்.
ஆடியவர்களின் ஏட்டில் என் பெயர் இல்லை,
பிழையோடுகூட இல்லை.

காலையில் எழுபத்தைந்தாம் எண் நெடுஞ்சாலை.
டெட்ராய்ட் அறுபது மைல்.
மன்ரோவின் இரட்டைப் புகைபோக்கி, லாரிகள்,
சோளத்துக்கு மேல் தாழ்ந்த மேகம்.
பதினோரு வருடமாக நான் போய்ச்சேராத ஊருக்கு
ஐம்பத்து நாலு நிமிடம் ஆகிறது,
வழியில் ஒருமுறை ஒண்ணுக்கு நிறுத்தியும்.

யோர்பிஸின் மடியில் ரைஸ் குக்கர்.
"அங்கே ஹோட்டல்தானே" என்றேன்.
"இருக்கட்டும்" என்றான்.
அம்மாவை ஆறுமுறை அழைத்தான்.
காபிமாஸில் கரண்ட் இல்லை போலும்.
ஆறுமுறையும் அதே பெண்குரல்
ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்டது.
ஏழாவது முறை அவன் அதற்குப் பதில் சொன்னான்:
பரவாயில்லை அம்மா.

ஆட்டக்காரர் வாசலில் காவலாளி
தாளில் விரலை ஓட்டினார்.
உர்தனேத்தா இருந்தது. எழுத்தெல்லாம் சரி.
"நீங்கள்?"

ஸ்டியரிங்கில் என் விரல்கள்.
வலக்கை நகமெல்லாம் மஞ்சள் சாயம்.
இரவு வெளிச்சத்தில் என் சைகை தெரிய வேண்டுமென்று
நேற்று இவனுக்காகப் பூசியது.
நகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"டிரைவர்" என்றேன்.

திரும்பிப் பார்த்தானா, தெரியாது.
பின்னால் ஒரு பால் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குள் டொலீடோ.
ஈரியிலிருந்து பேருந்தில் ஒருவன் வருகிறான்,
இன்றிரவு வீசப்போவது அவன்தான்.
எங்கள் சீசனுக்கு இன்னும் நாலே நாள்.
சாயம் ஓரத்தில் பெயர்ந்துவிட்டது.
மன்ரோவில் மருந்துக்கடை பார்த்து நிறுத்தினேன்.
மஞ்சள் தீர்ந்துவிட்டதாம்.
ஆரஞ்சு எடுத்தேன்.
சில்லறை எண்ணிய பெண் கேட்டாள்,
"யாருக்கு?"

பெயர் இன்னும் தெரியாது என்றேன்.